ஹீமோஃபிலியா: சொல்லும் பொருளும்

கிரேக்கத்தில் ஹைமா என்றால் ரத்தம், ஃபிலியா என்றால் அன்பு. இரண்டையும் சேர்த்தால் 'ரத்தப் பிரியம்' என்று வருகிறது. ரத்தம் கசிந்தால் நிற்க நேரமாகும் ஒரு நோய்க்கு இப்படி ஒரு பெயரா என்று தோன்றும். ஆனால் மருத்துவச் சொற்களில் ஃபிலியா அன்பை மட்டும் குறிப்பதில்லை. ஒன்றின் பக்கம் சாயும் இயல்பையும் குறிக்கும். 1828இல் ஹாப்ஃப் என்ற ஜெர்மானியர் தம் ஆய்வேட்டின் தலைப்பிலேயே இந்தச் சொல்லைப் போட்டார். அதற்கு என்ன பொருள் என்பதையும் கூடவே சொல்லிவிட்டார்: உயிரைப் பறிக்கும் அளவு ரத்தம் போகிற பரம்பரை இயல்பு. விளக்கம் மறந்துபோய், சொல் மட்டும் நிலைத்துவிட்டது.

நோய் அதற்கு முன்பே தெரிந்ததுதான். 1803இல் ஃபிலடெல்ஃபியா மருத்துவர் ஜான் கான்ராட் ஓட்டோ, சில குடும்பங்களில் ஆண்களுக்கே இது வருவதையும், நோய் காட்டாத பெண்கள் வழியாக அடுத்த தலைமுறைக்குப் போவதையும் எழுதியிருக்கிறார். எக்ஸ் குரோமோசோமில் உள்ள மரபணுக் கோளாறுதான் காரணம் என்பது வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ரத்தப்போக்கு நோய்' என்றால் வலை ரொம்ப அகலமாகிவிடும். வான் வில்லிபிராண்ட் நோய் என்ற இன்னொரு பரம்பரை ரத்தக்கசிவு நோய், தட்டணுக் குறைபாடு எல்லாமே அதற்குள் வந்துவிடும். 'குருதி உறையாமை நோய்' இதைவிடப் பொருத்தம். உறைதல் என்பது நீரும் மெழுகும் கெட்டியாவதைச் சொல்லும் வினை. ரத்தத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. கிரேக்கப் பெயர் தொடாத காரணத்தையே தமிழ்ப் பெயர் சொல்லிவிடுகிறது என்பது அதன் பலம்.

பலவீனம் கடைசியில் வரும் 'ஆமை'. உறையவே உறையாது என்று அது கறாராகச் சொல்கிறது. உண்மை அப்படி இல்லை. காயம் பட்டதும் ரத்தத்தில் உள்ள தட்டணுக்கள் என்ற நுண்ணிய அணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். இந்த முதல் வேலை ஹீமோஃபிலியாவில் ஒழுங்காகவே நடக்கிறது. அதனால் சின்னக் கீறலில் ரத்தம் பெரும்பாலும் வழக்கம்போல் நின்றுவிடும். அந்த அடைப்பை ஃபைப்ரின் இழைகள் பின்னி இறுக்க வேண்டியது அடுத்த வேலை. இடறுவது இங்கேதான். இழை போதாமல் அடைப்பு பெயர்ந்து, மணிக்கணக்கு கழித்து மறுபடி கசியலாம். முழங்கால், முழங்கை, கணுக்கால் மூட்டுகளுக்குள் இப்படிக் கசிவதுதான் வெளியே தெரியாத தொல்லை. திரும்பத் திரும்ப நடந்தால் மூட்டே தேய்ந்துவிடும். ரத்தம் 'வேகமாக' ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். வேகம் எல்லோருக்கும் போலத்தான், நிற்கத்தான் நேரமாகும்.

காரணம் உறைதல் காரணிகளின், அதாவது ரத்தம் உறைய உதவும் புரதங்களின் குறைவு. எட்டாம் காரணி குறைந்தால் ஹீமோஃபிலியா ஏ, ஒன்பதாவது குறைந்தால் பி. இந்த பி-க்குக் கிறிஸ்துமஸ் நோய் என்றும் ஒரு பெயர் உண்டு. பண்டிகைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. 1952இல் விவரிக்கப்பட்ட நோயாளிச் சிறுவனின் குடும்பப் பெயர் கிறிஸ்துமஸ். அந்தக் கட்டுரை வெளியானது டிசம்பர் கடைசியில் என்பது வேறு விஷயம்! காரணியின் அளவு இயல்பில் 1 சதவீதத்துக்கும் கீழே என்றால் கடுமையானது, 1 முதல் 5 வரை நடுத்தரம், அதற்கு மேல் 40க்குள் லேசானது. லேசான வகைக்காரருக்கு ஓர் அறுவை சிகிச்சையோ பல் பிடுங்கலோ நடக்கும்வரை விஷயமே தெரியாமல் போகலாம். அவரிடம் போய் 'உறையாமை' என்றால் பயந்துபோவார்.

என் கணக்கில், பொதுவாக எழுதும்போது 'குருதி உறையாமை நோய்' என்று ஒருமுறை சொல்லி, உறைவது தாமதமாகும், உறுதியாக இருக்காது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். வகை பிரிக்கும் இடத்தில் ஹீமோஃபிலியா ஏ, பி என்றே எழுதலாம்.

'கடத்தி' என்ற சொல்லும் இப்போது ஆட்டம் காண்கிறது. மரபணுவைச் சுமக்கும் பெண்ணை அப்படித்தான் சொல்லிவந்தார்கள், அவருக்கு நோய் இல்லை என்பதுபோல. 2021இல் ரத்த உறைவுத் துறையின் சர்வதேச சங்கம் வெளியிட்ட பெயரிடல்படி, காரணி அளவு 40 சதவீதத்துக்குக் கீழே உள்ள பெண்ணும் ஹீமோஃபிலியா உள்ளவர்தான். அவரைக் கடத்தி என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட முடியாது.