டிஸ்ஸென்ட்: உடன்படாத் தீர்ப்பு

ஐந்து நீதிபதிகள் ஒரு வழக்கை விசாரிக்கிறார்கள். நான்கு பேர் ஒரு முடிவுக்கு வர, ஐந்தாமவர் அதை ஏற்காமல் தன் காரணங்களைத் தனியே எழுதுகிறார். அதுதான் டிஸ்ஸென்ட். வழக்கின் முடிவை அது மாற்றாது. ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்போடு சேர்ந்தே அச்சாகும்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'டிஸ்' என்றால் விலகி. 'சென்டீரே' என்றால் உணர்தல், எண்ணுதல்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கட்சித் தலைமையோடு ஒத்துப்போகாதவரை 'அதிருப்தி எம்.எல்.ஏ.' என்று எழுதிப் பழகிவிட்டோம். நீதிபதிக்கு அந்தச் சொல் கூடவே கூடாது. அவர் எழுதுவது மனக்குறை அல்ல, சட்டக் காரணம். 'சிறுபான்மைத் தீர்ப்பு' தலைகளை மட்டுமே எண்ணுகிறது. 'மாறுபட்ட தீர்ப்பு' பரவலான சொல்தான். ஆனால் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்லி, வழக்கு மூன்றாமவரிடம் போவதையும் அப்படியேதான் எழுதுகிறோம். 2018இல் 18 எம்.எல்.ஏ.க்கள் தகுதிநீக்க வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது அதுதான். அதனால் 'உடன்படாத் தீர்ப்பு' என்பதே என் தேர்வு. உடன்பட மறுத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

அப்படி மறுத்தவர்களில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹெச்.ஆர். கன்னாவை மறக்கவே முடியாது. நெருக்கடி நிலைக் காலத்தில், விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனுப் போடலாமா என்பது ஜபல்பூர் வழக்கின் கேள்வி. சொந்தப் பகையால் ஒரு போலீஸ்காரர் ஒருவரைக் கொன்றால்கூட வழி இல்லையா என்று கன்னா கேட்டார். நெருக்கடி நிலை நீடிக்கும்வரை இல்லை என்றார் அரசின் தலைமை வழக்கறிஞர். 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றார்கள். கன்னா உடன்படவில்லை. இறுதி நீதிமன்றத்தில் எழுதும் உடன்படாத் தீர்ப்பு, வருங்கால அறிவிடம் செய்யும் முறையீடு என்ற அமெரிக்கத் தலைமை நீதிபதி ஹியூஸின் கருத்தை அதில் எடுத்துக்காட்டினார்.

1977 ஜனவரியில், கன்னாவுக்குப் பணியில் இளையவரான எம்.ஹெச். பெய்க்கை இந்தியத் தலைமை நீதிபதியாக்கினார்கள். கன்னா பதவி விலகினார்.

அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017இல், தனியுரிமை அடிப்படை உரிமையா என்ற புட்டசாமி வழக்கை ஒன்பது நீதிபதிகள் விசாரித்தபோது, அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட்தான் அந்த நால்வரின் தீர்ப்புகளும் பெரும் பிழை, கன்னா சொன்னதே சரி என்று எழுதினார்.