யாளிக்குத் தங்கம் ஒட்டும் முன்

எழுத்தோவிய வகுப்புக்கு வருகிறவர்களில் பலருக்கு இப்போது ஒரே ஆசை. முதலெழுத்தை டிராகனாகவோ யாளியாகவோ வளைத்து, அதில் தங்கம் ஒட்ட வேண்டும். 'ழ'வின் கால் யாளி வாலாகச் சுருண்டு நிற்பது அழகுதான். ஆனால் செய்முறையை இடைக்கால ஐரோப்பியக் குறிப்புகளிலிருந்து அப்படியே இறக்கிவிடுகிறார்களே, அங்கேதான் எனக்குப் பயம்.

1400 வாக்கில் சென்னினோ சென்னினி என்ற இத்தாலிய ஓவியர் எழுதிவைத்த கைநூலில், தோல் ஏட்டில் தங்கத்தைச் சற்று மேடாக நிறுத்த ஒரு பூச்சு உண்டு. ஜிப்சம், அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத ஈய வெள்ளை, கொஞ்சம் சர்க்கரை. காய்ந்ததும் கத்தியால் சுரண்டிச் சமன்செய்வார்கள். பறப்பது ஈயத் தூசி. குழந்தைகள் இருக்கும் வீட்டில், சாப்பாட்டு மேசையில் இதைச் செய்யவே கூடாது. ஈய வெள்ளைக்குப் பதில் டைட்டானியம் வெள்ளை போடலாம். அப்போதும் மாஸ்க் வேண்டும்.

விலங்குப் பின்னல்களுக்குப் பேர்போன கெல்ஸ் ஏட்டில் (பழைய பைபிள் கையெழுத்துப் பிரதி, டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் இருக்கிறது) தங்கமே கிடையாது. மின்னும் மஞ்சள் தாளகம், அதாவது ஆர்சனிக் சேர்ந்த நிறமி. அது வாயில் படாமல் பார்த்துக்கொள் என்று சென்னினியே எச்சரிக்கிறார். நம்மில் பாதிப் பேர் தூரிகை முனையை உதட்டில் வைத்துத்தான் கூராக்குகிறோம்! நிறமி டப்பாவின் பின்பக்கக் குறியீட்டைப் பாருங்கள்: பிடபிள்யூ 1 ஈய வெள்ளை, பிஒய் 39 தாளகம், பிஆர் 106 பாதரசம் கலந்த சிவப்பு. மூன்றுமே வகுப்புக்குள் வரக்கூடாது.

தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது அமோனியாகம் பிசின், தங்கத்தை ஒட்டவைக்கும் ஒரு செடிப் பிசின். யாளியின் கண், பிடரிச் சுருள், தந்தம் மட்டும் தீட்டிக் காயவிடுங்கள். காகிதக் குழல் வழியே இரண்டு மூன்று முறை அடிவயிற்றிலிருந்து 'ஹா' என்று ஊதினால் பிசின் ஈரம் பிடிக்கும். ஏசி அறையில் கூடுதலாக ஊத வேண்டியிருக்கும். உடனே தங்கத் தாளை வைத்து, மேலே வழவழப்பான கண்ணாடித் தாள் (கிளாசின் காகிதம்) போட்டு விரலால் அழுத்துங்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கு ஒட்டும் ரேக்கைக் கத்தரிக்கோலால் வெட்டலாம். இந்தத் தாளின் கனமோ ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு. ஃபேன் ஓடினால் போயே போச்சு. வண்ணம் எப்போதும் தங்கத்துக்குப் பிறகுதான். முதலிலேயே தீட்டினால் வண்ணத்தில் உள்ள பிசினிலும் தாள் ஒட்டிக்கொள்ளும், யாளி முழுக்கச் சொறி பிடித்தது போலிருக்கும்.

கடைசியாக, ஏமாற்று. 'கோல்டு லீஃப்' என்று மலிவாக விற்பதில் பெரும்பாலானவை செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளைத் தாள். அசல் தாள் பொதுவாக 8 செ.மீ. சதுரம், போலி 14 செ.மீ. வார்னிஷ் அடிக்காவிட்டால் போலி நாளடைவில் கறுக்கும், பச்சை பூக்கும். பழக அது போதும், தாராளமாக வாங்குங்கள். ஆர்டர் எடுத்துச் செய்கிறவர்கள் மட்டும் பில்லில் பித்தளைத் தாள் என்றே எழுதிக் கொடுங்கள்.