மூக்கை நம்பிக் குழிக்குள் இறங்க வேண்டாம்

2013ல் சென்னை தண்டையார்பேட்டையில் வீடுகளின் போர்வெல் தண்ணீரில் எண்ணெய் வாடை அடித்தது. பூமிக்கடியில் ஓடும் பெட்ரோலிய எண்ணெய்க் குழாய் ஒன்று கசிந்திருந்தது. இப்படி ஓர் இடத்தில் எண்ணெய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று தெரிய, யாராவது துளை போட்டோ குழிக்குள் இறங்கியோ மண்ணும் தண்ணீரும் எடுத்தாக வேண்டும். அந்த வேலைக்குப் போகிறவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

"வாடை அதிகமானால் வெளியே வந்துவிடலாம்" என்பார்கள். பெட்ரோலில் உள்ள பென்சீன் ரத்தப் புற்றுநோய் உண்டாக்குவது. 8 மணி நேர வேலைக்கு அமெரிக்க விதி அனுமதிக்கும் சராசரி அளவு, காற்றில் 10 லட்சத்துக்கு 1 பங்குதான். அதன் வாடை மூக்குக்கு எட்டும்போது பெரும்பாலும் அந்த வரம்பைத் தாண்டியிருக்கும். கச்சா எண்ணெய் உள்ள இடங்களில் வரும் ஹைட்ரஜன் சல்பைடு இன்னும் மோசம். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 10 லட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் சில நிமிடங்களிலேயே மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது.

சரி, மீட்டர் இருக்கிறதே? பெட்ரோல் ஆவி காற்றில் 1.4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். தீப்பிடிக்கும் வாயுவைக் காட்டும் மீட்டர் வழக்கமாக அதில் பத்தில் ஒரு பங்கில் கத்தும். அதாவது 10 லட்சத்துக்கு 1,400 பங்கு. அது சும்மா இருக்கிறது என்றால் இப்போதைக்கு வெடிக்காது, அவ்வளவுதான். மூச்சுக்கு ஆகுமா என்பதற்கு வேறு கருவி வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் எண்ணெயைத் தின்னும்போது ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்கின்றன. அவை வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடு குழியின் அடியில் தேங்கிவிடும். ஆக்சிஜன் குறைந்த காற்றில் அந்த மீட்டரின் சென்சாரே தப்பாகக் காட்டும், ஏனென்றால் அது வாயுவை எரித்துத்தான் அளக்கிறது. அதனால் முதலில் ஆக்சிஜன், அப்புறம் தீப்பிடிக்கும் வாயு, பிறகு நச்சு வாயு என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். 19.5 சதவீதத்துக்குக் கீழே ஆக்சிஜன் போனால் இறங்கக் கூடாது. வடிகட்டி முகமூடி ஆக்சிஜன் தராது.

நிலத்தடி நீரைச் சோதிக்க மண்ணில் இறக்கியிருக்கும் கண்காணிப்புக் குழாயின் மூடியைத் திறப்பதும் சின்ன வேலை அல்ல. உள்ளே அடைபட்ட ஆவி புஸ்ஸென்று முகத்தில் அடிக்கும். காற்று முதுகுப் பக்கம் வீசும்படி நின்று, மெதுவாகத் திருகி, விலகி நின்று, ஆவி அடங்கிய பிறகு மீட்டரை நீட்ட வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிட 3 முதல் 4 மடங்கு கனம் என்பதால் தரையோடு ஊர்ந்து போகும். சற்றுத் தள்ளி ஓடும் ஜெனரேட்டரே போதும், பற்றிக்கொள்ள.

குழியில் ஒருவர் மயங்கினால் பக்கத்திலிருப்பவர் பதறிக் குதிப்பார், அவரும் விழுவார். கழிவுநீர்த் தொட்டிகளில் இதைப் பலமுறை பார்த்துவிட்டோம். மேலிருந்தே இழுக்கும்படி உடல் பட்டையும் கயிறும், கயிற்றைப் பிடிக்க ஒரு ஆளும், இறங்குவதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும்.