வளைய உலகில் லாஜிக் எங்கே இடித்தது?

சூரியனைச் சுற்றி ஒரு வளையம். ஆரம் ஏறக்குறைய பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம், 15 கோடி கி.மீ. பட்டையின் அகலம் 16 லட்சம் கி.மீ. அதன் உட்பக்கத்தில் கடல், மலை, மனிதர்கள். அமெரிக்க அறிபுனை (சயின்ஸ் ஃபிக்‌ஷன்) எழுத்தாளர் லாரி நிவென் 1970இல் வெளியிட்ட 'ரிங்வேர்ல்ட்' (வளைய உலகம்) நாவலின் களம் இது.

உட்பரப்பில் நிற்பவருக்குப் பூமியில் இருப்பதுபோல எடை வேண்டும் என்றால் வளையம் சுழல வேண்டும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், பூமியின் ஈர்ப்பு முடுக்கமான 9.8 (மீட்டர், விநாடி அலகில்) வர வேண்டும். கணக்குப் போட்டால் விநாடிக்குச் சுமார் 1,210 கி.மீ. கிடைக்கிறது. பூமி சூரியனைச் சுற்றும் வேகத்தைப் போல 40 மடங்கு. ஒரு சுற்றுக்கு 9 நாள்.

இந்த வேகத்தில் வளையத்தின் ஒவ்வொரு துண்டும் பிய்த்துக்கொண்டு வெளியே ஓடப் பார்க்கும். அதைப் பிடித்துவைக்க வளையப் பொருள் தாங்க வேண்டிய இழுவிசைத் தகைவு (ஒரு சதுர மீட்டர் குறுக்குவெட்டில் விழும் இழுப்பு), அடர்த்தி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். எஃகில் செய்தால், உறுதியான எஃகு தாங்குவதைப் போல 50 லட்சம் மடங்குக்கு மேல் வரும். தடிமனைக் கூட்டியும் பயனில்லை. வலு கூடும் அளவுக்குச் சுமையும் கூடிவிடும். அதனால் நாவலாசிரியர் இல்லாத ஒரு பொருளைக் கற்பனை செய்தார். அசல் உலகில் நடக்காத விஷயம்தான். ஆனாலும் 'காதில் பூ' என்று வாசகர்கள் கோபப்படவில்லை. அந்தப் பொருளை ஒப்புக்கொண்டுதானே கதைக்குள் வருகிறோம்?

கோபம் வேறிடத்தில் கிளம்பியது. 1971இல் பாஸ்டனில் நடந்த உலக அறிபுனை மாநாட்டில், எம்ஐடி என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் 'வளைய உலகம் நிலையற்றது' என்று கோஷம் போட்டார்கள். அவர்கள் சொன்னது சரி.

கோள் ஒன்றைச் சூரியன் இழுக்கிறது, அது விழுந்துகொண்டே சுற்றுகிறது. விறைப்பான வளையத்தின் கதை வேறு. எல்லாப் பக்கமும் சமமாக இழுபடுவதால் மொத்த விசை பூஜ்யம். சூரியன் அதைப் பிடித்திருக்கவில்லை, வளையம் சும்மா மிதக்கிறது. தன் தளத்துக்கு மேலோ கீழோ விலகினால் ஆபத்தில்லை. ஊஞ்சல்போல ஆடித் திரும்பும், ஓர் ஆட்டத்துக்கு ஓராண்டு. பக்கவாட்டில் விலகினால்தான் வினை. சூரியனுக்கு அருகில் வந்த பகுதியை ஈர்ப்பு பலமாக இழுக்கும். எதிர்ப்புறம் நீளமான வில் இருக்கிறதே, அது ஈடுசெய்யாதா? வில்லின் நீளம் தூரத்துக்கு நேர்விகிதத்தில்தான் கூடுகிறது, ஈர்ப்போ தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அருகிலுள்ள பக்கமே வெல்லும். (முழுக்கோள ஓடாக இருந்தால் பரப்பும் வர்க்கமாகக் கூடி, இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும்.)

விலகல் சுமார் 57 நாளுக்கு ஒருமுறை இரட்டிக்கும். 1 கி.மீ. பிசகில் தொடங்கினாலும் நாலைந்து ஆண்டுக்குள் வளையம் சூரியனில் மோதும். பம்பரம் போலச் சுழல்வது உதவாது. எங்கும் ஒரே சீரான வளையம் சுழன்றாலும் நின்றாலும் சூரியனுக்கு ஒன்றுதான். சனியின் வளையம் ஒரே திடப்பொருளாக இருக்க முடியாது என்று இயற்பியலாளர் மேக்ஸ்வெல் 1859இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையிலேயே இந்தச் சிக்கல் அலசப்பட்டிருக்கிறது.

அதே நாவலின் முதல் பதிப்பில் இன்னொரு பிழையும் உண்டு. ஊருக்கு ஊர் நேரம் மாறுவதைப் பயன்படுத்திப் பிறந்தநாளை நீட்டிக்க விரும்பும் நாயகன் மேற்கே போவதற்குப் பதிலாகக் கிழக்கே போகிறான்; பூமி தலைகீழாகச் சுழன்றால்தான் அது நடக்கும். யதார்த்தப் பிழைதான், ஆனால் அடுத்த பதிப்பில் திசையை மாற்றியதும் தீர்ந்தது. வளையத்தை அப்படி ஒட்டுப்போட முடியாது. வலுவான பொருள் என்ற ஒரு விலக்கைக் கேட்டு வாங்கியவர், ஈர்ப்பு விதிக்கு விலக்குக் கேட்கவில்லை. அது கதைக்குள்ளும் அமலில் இருக்கிறது, அதன்படியே வளையம் சரிகிறது.

அடுத்த நாவலில் நிவென் விளிம்புச் சுவர்களில் உந்துபொறிகளைப் பொருத்தினார். சூரியக் காற்றின் ஹைட்ரஜனை அள்ளி இயங்கும் அவை, விலகலை அவ்வப்போது திருத்தும். ஆனால் கதை தொடங்கும்போது பெரும்பாலானவற்றைக் காணோம்: அங்கே வாழ்ந்த ஓர் இனத்தார் கழற்றித் தங்கள் விண்கலங்களில் மாட்டிக்கொண்டுவிட்டார்கள். வளையம் ஏற்கெனவே சரியத் தொடங்கியிருக்கிறது.