திருத்த ஈர்ப்பு: பூமியை விட்டுவிடுங்கள்

பிளஸ் டூ படிக்கும் என் அக்கா மகள் போன வாரம் ஓர் அறிவியல் இதழை எடுத்துவந்து ஒரு வரியில் விரலை வைத்தாள். “மாமா, பூமியோட ஈர்ப்பை யாரு மாத்துனாங்க?” வரி இதுதான்: ‘பேரண்டம் வேகமாக விரிவதற்கு மாற்றியமைக்கப்பட்ட புவியீர்ப்பு காரணமாக இருக்கலாம்.’ அவள் கேட்டதில் தப்பே இல்லை. ‘மாற்றியமைக்கப்பட்ட புவியீர்ப்பு’ என்ற இந்தச் சொற்றொடரைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

ஆங்கில மூலச் சொல் ‘மாடிஃபைடு கிராவிட்டி’. கிராவிட்டியின் வேர் லத்தீன் ‘கிராவிஸ்’, கனமானது. மாடிஃபையில் இருப்பது ‘மோடஸ்’, அளவு. நம் ஈர்ப்போ ஈர்த்தல், அதாவது இழுத்தல். வேர்க்கதை இவ்வளவுதான்.

பொருளுக்கு வருவோம். மிகத் தொலைவில் வெடித்த விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிவதை 1998-இல் இரண்டு குழுக்கள் கண்டன. அப்படியானால் அவை நினைத்ததைவிடத் தொலைவில் இருக்கின்றன, பேரண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது. 2011-இல் இதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. காரணம் என்ன? கண்ணுக்குத் தெரியாத இருண்ட ஆற்றல் என்பது ஒரு விடை. ஐன்ஸ்டைன் 1915-இல் தந்த ஈர்ப்பு விதியே அவ்வளவு பெரிய தொலைவில் அப்படியே செல்லாது என்பது இன்னொன்று. இப்படி ஒரு சிக்கல் முன்பும் வந்ததுண்டு. யுரேனஸ் தடம் பிசகியபோது, பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே, அதுவரை யாரும் காணாத ஒரு கோளைக் கணக்கிட்டுச் சொன்னார். 1846-இல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் பிசகியபோதும் அதேபோல ‘வல்கன்’ என்று ஒரு கோளைச் சொன்னார். அது கிடைக்கவே இல்லை. நியூட்டனின் ஈர்ப்பு விதியைத்தான் மாற்ற வேண்டியிருந்தது; மாற்றியவர் ஐன்ஸ்டைன்.

ஆக, இங்கே மாறுவது விதி. யாரும் விசையைக் கழற்றி மாட்டவில்லை. ‘மாற்றியமைக்கப்பட்ட’ என்றால் நடந்து முடிந்த வேலை போல ஒலிக்கிறது. ‘புவி’ அதைவிட மோசம். தேங்காய் விழுவதற்குப் புவியீர்ப்பு சரி. பல கோடி ஒளியாண்டுக்கு அப்பால் உள்ள விண்மீன் மண்டலங்களுக்குப் புவி எங்கிருந்து வந்தது?

சிலர் ‘மாற்று ஈர்ப்பு’ என்கிறார்கள். மாற்று மருத்துவம், மாற்று வழி என்று பேசிப் பழகிய காதுக்கு, ஈர்ப்புக்குப் பதிலாக வேறொரு விசை என்றுதான் அது கேட்கும். தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘திரிபு ஈர்ப்பு’ என்றார். இலக்கணத்தில் திரிதல் நல்ல சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் திரிவது பால். திரிந்த பாலை யாரும் குடிப்பதில்லை. தூய தமிழ் என்பதற்காகக் கெட்டுப்போன பொருளைச் சுமக்கும் சொல்லை எடுக்கக் கூடாது.

நான் எழுதுவது ‘திருத்த ஈர்ப்பு’, விரித்தால் ‘ஈர்ப்பு விதித் திருத்தக் கொள்கை’. அரசியல் சட்டத் திருத்தம் நாம் அறிந்ததுதானே? சட்டம் நிற்கும், ஒரு பிரிவு மாறும். இந்தக் கொள்கைகளும் அப்படித்தான்: சூரியக் குடும்பத்துக்குள் ஐன்ஸ்டைனைத் தொடாமல், பெருந்தொலைவில் மட்டும் விதியை மாற்றப் பார்க்கின்றன. அப்புறம், ‘கொள்கை’யை விட்டுவிடக் கூடாது. ஆங்கிலத்தில் இல்லாததை ஏன் சேர்ப்பது என்று மொழிபெயர்ப்பாளர்கள் தயங்குகிறார்கள். சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு எழுந்து போகும் இந்தப் பழக்கத்தால்தான், ஆங்கில மூலம் தெரியாவிட்டால் தமிழ் அறிவியல் கட்டுரையே புரியாது என்ற நிலை வந்திருக்கிறது.

இதழின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக் கொடுத்தேன்: ‘விரிவு வேகமெடுப்பதை விளக்க ஈர்ப்பு விதியிலேயே திருத்தம் தேவைப்படலாம்.’ படித்தவள் உடனே கேட்டாள்: “அப்போ ஐன்ஸ்டைன் தப்பா?” 2017 ஆகஸ்ட் 17-ஐப் பற்றிச் சொன்னேன். நியூட்ரான் விண்மீன்கள் எனப்படும், மிக அடர்ந்து சுருங்கிய இரண்டு விண்மீன்கள் மோதியதில் எழுந்த ஈர்ப்பலையும் (ஈர்ப்பின் அதிர்வாகப் பரவும் அலை), ஒளியின் ஒரு வகையான காமாக் கதிரும் ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு கடந்து, 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. அதாவது இரண்டின் வேகமும் ஏறத்தாழ ஒன்றே. ஈர்ப்பலையின் வேகம் ஒளியின் வேகத்திலிருந்து மாறுபடும் என்று சொன்ன திருத்தங்கள் பலவும் அந்த ஒரு நிகழ்வாலேயே தள்ளுபடியாயின. மற்றவை இன்னும் விசாரணையில் இருக்கின்றன.