பெட் ஸ்கேனுக்குப் புரட்டாசி விரதம் போதாது

“விரதம்தான் தம்பி, காலையில் ரொட்டியும் பீன்ஸ் கறியும் மட்டும்தான் சாப்பிட்டேன்.” புரட்டாசியில் ஜோஹன்னஸ்பர்க்கின் லெனேசியாவிலிருந்து, புற்றுநோயைக் காட்டும் பெட் ஸ்கேனுக்கு வரும் நம் பெரியவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். மாமிசம் தொடாதது சாமிக்குப் போதும், ஸ்கேனுக்குப் போதாது. பொதுவாக ஆறு மணி நேரமாவது வயிறு காலியாக இருக்க வேண்டும். வெறும் தண்ணீர் குடிக்கலாம்.

இந்த ஸ்கேனுக்கு முன் உடம்பில் ஏற்றும் மருந்தை ஜோஹன்னஸ்பர்க்கில் தயாரிப்பவன் நான். ஏன் இத்தனை கண்டிப்பு என்று சொல்கிறேன்.

மருந்தின் பெயர் எஃப்டிஜி. கதிரியக்க ஃப்ளோரின்-18 ஒட்டிய சர்க்கரை அது. புற்றுநோய்ச் செல்கள் பெரும்பாலும் சர்க்கரையை அள்ளி விழுங்கும், இதையும் விழுங்கும். ஆனால் செரிக்க முடியாது. உள்ளேயே சிக்கிக்கொள்ளும், படத்தில் பளிச்சென்று தெரியும். நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்தால் இன்சுலின் சுரந்து மருந்தைத் தசைகளுக்குள் தள்ளிவிடும். கட்டி மங்கலாகிவிடும்.

இந்த ஃப்ளோரினை வாங்கி வைக்க முடியாது. 110 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும். ஆக்சிஜன்-18 என்ற கனமான ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரின் மேல், சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியில் புரோட்டான்களைப் பாய்ச்சி அன்றன்றே உண்டாக்க வேண்டும். சிக்கல் அதற்கப்புறம்தான். தண்ணீருக்குள் ஃப்ளோரைடு அயனியாக இருக்கும் இந்த ஃப்ளோரின் எதனோடும் எளிதில் சேராது. அதனால் அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானை ஊற்றி ஈரத்தைச் சுத்தமாக விரட்டுவோம். கூடவே இருக்கும் பொட்டாசியத்தைக் கிரிப்டோஃபிக்ஸ் என்ற மூலக்கூறு கூண்டுபோலப் பிடித்துக்கொள்ளும். விடுபட்ட ஃப்ளோரைடு, மேனோஸ் டிரைஃப்ளேட் என்ற சர்க்கரைப் பொருளைப் பின்பக்கமாகத் தாக்கும். டிரைஃப்ளேட் கழன்று விழும், மேனோஸின் அமைப்பு குளுக்கோஸின் அமைப்பாகப் புரளும். 1986-இல் ஜெர்மனியில் ஹமாகர் குழு வெளியிட்ட முறை இது, எனக்கு இன்றும் அழகான ரசாயனமாகத்தான் தெரிகிறது. காரமோ அமிலமோ சேர்த்து சர்க்கரையின் மற்ற இடங்களை மூடியிருந்த பாதுகாப்புக் கட்டுகளை அவிழ்த்து, வடிகட்டி முடிக்க அரை மணி நேரம் ஆகும். எல்லாம் ஈயச் சுவருக்குள் எந்திரமே செய்யும்.

கிரிப்டோஃபிக்ஸ் நச்சுப்பொருள். அது மிஞ்சியிருக்கிறதா என்று சிலிக்கா தகட்டில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மருந்தை வெளியே விடுவோம். கிருமி வளர்ப்புச் சோதனை முடிவு வர 14 நாள் ஆகும், அதுவரை மருந்து தாங்காது. அதனால் கிருமி வடிகட்டும் சவ்வு கிழியாமல் இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் சோதிக்கிறோம். எனக்கு அதிகப் பயம் தருவது அந்தச் சோதனைதான்.

“உடம்பிலேயே தங்கிவிடுமா?” என்றும் கேட்கிறார்கள். தங்காது. சிதைந்த ஃப்ளோரின் கதிரியக்கமில்லாத ஆக்சிஜனாகிவிடும், மறுநாளைக்குள் ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆனாலும் அன்றைக்கு மட்டும் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் ஒட்டி உட்கார்ந்து நெருங்க வேண்டாம்.

நம் வீடுகளில் சர்க்கரை நோய் அதிகம். ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 11 மில்லிமோலைத் தாண்டினால் பெரும்பாலும் ஸ்கேனைத் தள்ளிவைப்பார்கள். மெட்ஃபார்மின், இன்சுலின் போடுகிறவர்கள் தாங்களாக நிறுத்த வேண்டாம், தேதி குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். வழியில் தாமதமானால் உடனே போன் செய்யுங்கள். ஒரு மணி நேரம் தாமதமானால் உங்களுக்காக அளந்து வைத்த டோஸில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.