சோமாட்டிக் தெரபி: ஒடுக்கு விழுந்த உடம்புக்கு ஒரு சொல்

திருநெல்வேலி ஜங்ஷனில் இறங்கி, ‘பாடி தெரபி எங்க செய்வாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள். குற்றாலம் பஸ் நிற்கிற இடத்தைக் காட்டுவார்கள். அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் கடைகளை நினைத்துத்தான். கொஞ்சம் அக்கறையான ஆள் என்றால், ‘முதுகா, மூட்டா?’ என்று விசாரித்துவிட்டு ஹைகிரவுண்ட் பக்கம் ஒரு பிசியோதெரபிக்காரரைச் சொல்வார். ஆக, தெரபி என்பது நம் ஊரில் எலும்புக்கும் நரம்புக்கும் உரிய சொல். மனசு சரியில்லை என்றால் அதற்குப் பெயர் ‘கவுன்சிலிங்’. அதையும் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள்.

அதனால், தெரிந்த வீட்டுப் பெண் ஒருத்தி, ‘சோமாட்டிக் தெரபி ஆரம்பிக்கப் போறேன், ஒடுக்குமுறைக்கு எதிரா வேலை செய்யுத ஆளாப் பார்த்துத் தேடுதேன்’ என்று சொன்னதும் அவளுடைய அம்மைக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ‘ஏட்டி, தேய்ச்சு விடுதவுகளுக்கும் கட்சிக்கும் என்னட்டி சம்பந்தம்?’ என்று கேட்டாள். நியாயமான கேள்வி. ‘தமிழ்ல ஒரு வார்த்தை சொல்லுங்களேன்’ என்று என்னிடம் வந்தார்கள். ஒரு வார்த்தையில் முடிகிற காரியமாக அது இல்லை.

சோமா கிரேக்கச் சொல். நம் காதில் விழுந்ததும் சோமவாரமும் சோமபானமும் நினைவுக்கு வரும். அவற்றோடு இதற்கு உறவு கிடையாது. பொருள் உடம்பு. கிரேக்கக் கவிஞர் ஹோமரின் காலத்தில் அது பிணத்தைக் குறித்தது, உயிருள்ள உடம்புக்குப் பிற்பாடுதான் வந்தது. 1970-களில் தாமஸ் ஹான்னா என்ற அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் அதை இன்னும் ஒரு படி உள்ளே தள்ளினார். வெளியிலிருந்து மருத்துவர் பார்க்கும் உடம்பு ஒன்று. உள்ளே இருந்து நாம் உணரும் உடம்பு ஒன்று. இரண்டாவதைத்தான் சோமா என்பேன் என்றார். சோமாட்டிக் என்ற சொல் இன்று தாங்கும் பொருளில் பெரும்பங்கு அதுதான்.

உடம்பு வழியாக மனசுக்கு வைத்தியம் பார்ப்பது அவருக்கு முன்னாலேயே உண்டு. பிராய்டின் மாணவர் வில்ஹெல்ம் ரைக், அடக்கி வைத்த உணர்ச்சி தசையில் கவசம்போல் இறுகிக் கிடக்கிறது என்று 1930-களிலேயே சொன்னார். (கடைசிக் காலத்தில் அவர் பெட்டிக்குள் உயிராற்றலைப் பிடிக்கிறேன் என்று போன கதை வேறு. அதை விட்டுவிடலாம்.) பிறகு பீட்டர் லெவைன், பாட் ஆக்டன் போன்றவர்கள் ஆளுக்கொரு முறையை வகுத்தார்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான அடிப்படை ஒன்றுதான்: பயந்த சம்பவத்தை வாய் சொல்லி முடித்த பிறகும் உடம்பு முடிக்காமல் வைத்திருக்கும். ஓட வேண்டிய கால் ஓடாமல் நின்றிருக்கும், தள்ள வேண்டிய கை தள்ளாமல் மடங்கியிருக்கும்.

இது நமக்குப் புதுச் செய்தியா? ‘ஈரக்கொலை நடுங்கிட்டு’, ‘அடிவயித்தக் கலக்குது’, ‘கையும் காலும் வெலவெலத்துப் போச்சு’, ‘நெஞ்சு அடைக்கி’ என்றுதானே நம் ஆட்கள் பயத்தையும் துக்கத்தையும் சொல்கிறார்கள்? ‘எனக்கு ஆங்சைட்டியா இருக்கு’ என்று ஒரு ஆச்சி சொல்லி நான் கேட்டதில்லை. தொல்காப்பியத்தில் இதற்கென்றே ஓர் இயல் இருக்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டை எண்ணி, அவற்றுக்கு மெய்ப்பாடு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளத்தில் பட்டது மெய்யில் படுவது மெய்ப்பாடு. அந்த ‘இளிவரல்’ என்பதைக் கவனியுங்கள். இழிவுபடுத்தப்படும்போது வரும் உணர்ச்சி. எட்டில் மூன்றாவது இடம். நான் கீழே சொல்லப்போவது பெரும்பாலும் இந்த மூன்றாவதைப் பற்றித்தான்.

அடுத்து தெரபி. கிரேக்கத்தில் தெரபேயா என்றால் பணிவிடை, கூட இருந்து பார்த்துக்கொள்வது. இலியட் காவியத்தில் அக்கிலீசுக்குப் பட்ரோக்ளஸ் ஒரு தெரபோன், அதாவது கூடவே நிற்கும் துணையாள். வடமொழிச் சிகிச்சையும் அடிப்படையில் பக்கத்துப் பொருள்தான். உணர்தல், கவனித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘கவனிப்பு’ என்று போட்டால் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் ‘நல்லா கவனிச்சு அனுப்பினோம்’ என்றால் நம் ஊரில் விருந்தும் ஆகும், அடியும் ஆகும், ஆபீசில் என்றால் வேறொன்றும் ஆகும்.

சிக்கலான சொல் இரண்டாவது பாதியில் இருக்கிறது. ஒடுக்குமுறைக்கு எதிரான என்று அந்தப் பெண் சொன்னது ஆங்கிலச் சமூகப்பணித் துறையில் பிறந்த வழக்கு. 1980-களின் இறுதியிலும் 1990-களிலும் பிரிட்டனில் லீனா டொமினெல்லி, நீல் தாம்சன் போன்றவர்கள் வளர்த்தது. உதவி கேட்டு வருகிறவரின் துன்பத்தை அவருடைய சுபாவக் கோளாறாக மட்டும் பார்க்காதே, இனம், வர்க்கம், பால் என்று அவர் மேல் உட்கார்ந்திருக்கும் பாரத்தையும் பார், உதவுகிற நீயும் அந்தப் பாரத்தின் ஒரு பகுதியாக இருக்கலாம் என்பதையும் பார், என்பது சாரம். அதற்கு முன்பே மனநல மருத்துவர் பிரான்ஸ் ஃபனான், 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையில் பணியாற்றியபோது, அடிமைப்பட்ட நாட்டில் நோயாளியை மட்டும் குணப்படுத்தி என்ன பயன் என்ற கேள்வியில் போய் முட்டினார், வேலையை விட்டுவிட்டார்.

ஒடுக்குமுறைக்கு ஆங்கிலத்தில் ‘ஒப்ரெஷன்’. அந்தச் சொல்லின் வேர் லத்தீனில் ‘மேலே வைத்து அழுத்து’. தமிழில் ஒடுக்கு. இந்த ஒடுக்கைக் கொஞ்சம் தட்டிப் பாருங்கள். கீழே விழுந்த குடத்தில் விழுவது ஒடுக்கு. அதைத் தட்டிச் சரிசெய்வது ஒடுக்கு எடுப்பது. நோயில் படுத்தவருக்குக் கன்னம் ஒடுங்கும். பெரியவர் முன்னால் கை கட்டி ஒடுங்கி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். இஸ்லாமிய ஆண்டின் ஸபர் மாதத்துக் கடைசிப் புதனை மேலப்பாளையத்தில் ஒடுக்கத்துப் புதன் என்பார்கள். அங்கே ஒடுக்கம் என்றால் முடிவு. எல்லாவற்றிலும் உள்ளது சுருங்குதல், ஓர் இடத்தில் அடங்குதல். அரசியல் மேடையில் ஒடுக்குமுறை என்று நாம் முழங்கும் சொல், தோளும் கழுத்தும் முதுகும் சேர்ந்த உடம்புச் சொல். ஒடுக்குகிறவன் வெளியே இருக்கிறான், ஒடுக்கு உடம்பில் இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘ஆன்டி-ஒப்ரெஸிவ்’, ‘சோமாட்டிக்’ என்று இரண்டு தனித்தனிப் பெயரடைகளை ஒட்டவைத்துச் சொல்வதை, தமிழ் ஒரே வினையின் தன்வினை பிறவினையில் வைத்திருக்கிறது: ஒடுங்கினாள், ஒடுக்கினார்கள். அம்மை கேட்ட சம்பந்தம் இதுதான்.

அந்தப் பெண் முதலில் போன இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஆளையும் இடத்தையும் சொல்ல மாட்டேன். படித்த, மென்மையாகப் பேசுகிற ஆலோசகர். பெயர், வயது, வேலை கேட்டார். பிறகு, ‘சொந்த ஊரு எது?’ சொன்னாள். ‘அங்க எந்தத் தெரு?’

திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தெருப் பெயரைக் கேட்பது முகவரிக்காக இல்லை. அவர் ஒருவேளை எதையும் நினைக்காமல், வாய்ப் பழக்கத்தில் கேட்டிருக்கலாம். இவளுக்குத் தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறிவிட்டதாம், நாக்கு ஒட்டிக்கொண்டதாம். மீதி நாற்பது நிமிடமும் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தாராம். ‘எந்த மூச்சை விடச் சொல்லுதாக, அந்தக் கேள்விலயே எனக்கு மூச்சு நின்னுட்டு’ என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணிக்கட்டில் கட்டும் கயிற்றின் நிறத்தில் சாதி தெரிகிற பகுதி இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அரசு நியமித்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் அளித்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உடம்பை மட்டும் பார்க்கிறேன், சாதி எனக்குத் தெரியாது என்று ஒரு தெரபிஸ்ட் சொன்னால், அவர் உடம்பையும் பார்க்கவில்லை என்றுதான் பொருள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ மடியில் தட்டை வைத்துக் குனிந்தபடி பீடி சுற்றும் அக்காவுக்குக் கழுத்து வலித்தால், அது சிறுவயது அதிர்ச்சி தேங்கிய இடம் என்று கிளம்பிவிடக் கூடாது. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி வாங்குகிற கழுத்து அது. அங்கே ஒடுக்கின் பெயர் கூலி. நெஞ்சு அடைக்கிறது என்றாலும், முதலில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்றது.

சரி, அறைக்குள் என்னதான் நடக்கும்? பெரும்பாலும் பேச்சுத்தான். ‘இதைச் சொல்லும்போது உடம்புல எங்க என்ன தெரியுது?’ என்று கேட்பார்கள். தொண்டை என்றால், அது இறுக்கமா, சூடா, அடைப்பா என்று கேட்டு அங்கேயே கொஞ்சம் நிற்பார்கள். தாங்க முடியாமல் போகுமுன், உடம்பில் இதமாக இருக்கும் வேறொரு இடத்துக்குக் கவனத்தைக் கொண்டுபோவார்கள். பாதம் தரையில் பதிந்திருப்பதை உணரச் சொல்வார்கள். அதற்கு ‘காலூன்றுதல்’ என்ற நம் சொல்லே கச்சிதம். கொடுமையை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் சொல்ல வைக்க மாட்டார்கள், துளித்துளியாகத்தான். சித்தர் மருத்துவத்தின் தொக்கணத்தையும் வர்மத்தையும் இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை கையால் அழுத்தியும் பிசைந்தும் செய்யும் வைத்தியம். இங்கே தொடாமலேயே முழு சிகிச்சையும் நடந்துவிடலாம். தொடுவதாக இருந்தால், ஒவ்வொரு முறையும் கேட்டு, சம்மதம் வாங்கி, வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இது சர்வரோக நிவாரணி என்று சொல்கிறவரிடம் போகாதீர்கள். லெவைனின் முறையை வைத்து 2017-இல் வெளியான ஒரு சோதனையில் பலன் தெரிந்தது, ஆனால் கலந்துகொண்டவர்கள் 63 பேர்தான். அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பார்க்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கும், கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். முறைக்கும் இதைவிட நிறைய ஆதாரம் இருக்கிறது.

ஆளைத் தேடும்போது முதலில் படிப்பைக் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று பலகை வைக்க இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு வேண்டும். ‘கவுன்சிலர்’ என்ற சொல்லுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. வார இறுதி வகுப்பு முடித்தவரும் அதே பலகையைத்தான் மாட்டுகிறார். உடல்வழிப் பயிற்சி எங்கே, எத்தனை காலம் பெற்றீர்கள் என்று கேளுங்கள். லெவைன் முறையில் முழுப் பயிற்சி சுமார் மூன்றாண்டு. சாதி, மதம், பாலினம் பற்றி எப்படிப் பேசுவீர்கள் என்று நேரடியாகவே கேட்கலாம். ‘எனக்கு எல்லாரும் ஒண்ணுதான்’ என்று பதில் வந்தால் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அது கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, சாதி, மதம், பால், பாலீர்ப்பு, வர்க்கம் எதன் பேரிலும் பாகுபாடு இல்லாத சிகிச்சையை உரிமையாகச் சொல்கிறது. ஒருபால் ஈர்ப்பை ‘மாற்றித் தருகிறேன்’ என்பது சிகிச்சையே அல்ல. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அதைத் தடுக்கச் சொல்லி உத்தரவிட்டார், அந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவரே ஓர் உளவியலாளரிடம் போய் உட்கார்ந்தார். காசு பெரிய தடை என்றால், வசதிக்கேற்ற கட்டணம் உண்டா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாத இரவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

மொழியையும் கேட்டுவிடுங்கள். ஆன்லைனில் பெங்களூரிலிருந்து பேசுகிறவருக்கு ‘ஈரக்கொலை’ எங்கே இருக்கிறது என்று விளக்குவதிலேயே பாதி நேரம் போய்விடும்.

இனி, தமிழ்ச் சொல். ‘மெய்வழி’ அழகானது, ஆனால் அந்தப் பெயரில் ஒரு சமயமே இருக்கிறது. ‘மெய்யுணர்வு’ என்றால் குறளின் 36-ஆம் அதிகாரம் குறுக்கே நிற்கும். ‘உளமருத்துவம்’ என்றால் மாத்திரை எழுதித் தருகிற டாக்டர் ஆகிவிடும். இலங்கைத் தமிழர்களின் ‘உளவளத்துணை’ நல்ல சொல், பட்ரோக்ளஸைப்போல் அதில் துணை இருக்கிறது. என் ஓட்டு ‘ஆற்றுப்படுத்தல்’ பக்கம். சூடான பாலை ஆற்றுவதும் துக்கத்தை ஆற்றுவதும் ஒரு காதில் கேட்கும். ஆறு என்றால் வழி என்பது மறு காதில் கேட்கும். ஆற்றுப்படைப் பாட்டில், பரிசு வாங்கித் திரும்பும் பாணன், எதிரே வரும் பசித்த பாணனுக்கு வழி சொல்கிறான். நல்ல தெரபிஸ்ட் இன்றைக்கும் அப்படித்தான் கிடைக்கிறார். போய் வந்த ஒருத்தி சொல்லி. எனவே எழுத்தில் ‘ஒடுக்குமுறைக்கு எதிரான உடல்வழி ஆற்றுப்படுத்தல்’. நீளம்தான். பேச்சில் தெரபி என்றே சொல்லுங்கள், ஒன்றும் குடிமுழுகிவிடாது.

அந்தப் பெண்ணின் அம்மைக்கு நான் சொன்னது ‘ஒடுக்கு எடுக்குத வைத்தியம்’. அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. ‘தட்டாம எடுப்பாகளா?’ என்று மட்டும் கேட்டாள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஊரும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை. ‘எங்க உக்காந்தா உங்களுக்கு வசதியா இருக்கும்?’ என்று கேட்டாராம். இவள் நாற்காலியை இழுத்துக் கதவைப் பார்த்தாற்போல் போட்டுக்கொண்டாள். அவர் எழுந்து, தன் நாற்காலியைக் கதவை மறைக்காத பக்கம் நகர்த்திக்கொண்டார். அன்றைக்கு அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் பேசவில்லையாம். அடுத்த வாரத்துக்கு நேரம் வாங்கிவிட்டு வந்திருக்கிறாள்.